கான்ஸ்டன்டைன் எதற்காக வக்கீல் ஆனார்?

கேள்வி, 6 ஜனவரி, காலை

வெஸ்ட் இண்டீஸின் முதல் பெரிய ஆட்டக்காரர் லியரி கான்ஸ்டன்டைன் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பாரிஸ்டர் ஆனார் என்று படித்தேன். கோர்ட்டில் நின்று பெரிதாக வாதாடியதாகத் தெரியவில்லை. அவர் பெயரில் இருக்கும் ஒரே பிரபலமான வழக்கிலும் அவர் வக்கீல் இல்லை, வாதி. கிடைத்த நஷ்டஈடு ஐந்து கினி, ஐந்து பவுண்டுக்குச் சற்று மேல். ஆடி ஓய்ந்த புகழ்பெற்ற மனிதர் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் வேண்டும் என்று படித்தது போலத்தான் எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 10.40

மாற்றுக் கருத்து உண்டு. வரிசையையே நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அவர் கிரிக்கெட்டிலிருந்து சட்டத்துக்கு வந்தவர் இல்லை. சட்டத்தின் வாசலில்தான் முதலில் நின்றார். உள்ளே போக வழி இல்லாததால் கிரிக்கெட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். சுற்றி வர 37 ஆண்டுகள் ஆயின.

1901 செப்டம்பர் 21ஆம் தேதி டிரினிடாட் தீவில் பிறந்தார். 1917இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. டிரினிடாட் அணிக்கு ஆடியது 1921இல். சட்டக் கட்டைத் தூக்கி நான்கு வருடம் கழித்துத்தான் முதல் தரக் கிரிக்கெட் பந்து கைக்கு வந்தது.

இந்த ஆளைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு வேகம் வருகிறது என்றால், நானும் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். பதினோரு வருடம். பிராது நகல் எடுப்பது, ஸ்டாம்ப் வாங்குவது, ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து மறுபடி போடுவது, வாய்தா தேதி குறிப்பது. சீனியர் எழுந்து பேசும்போது பின்னால் நின்று அடுத்த கட்டை எடுத்துக் கொடுக்கும் கைக்கு, அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று நன்றாகவே தெரியும். வாயைத்தான் திறக்க முடியாது. முப்பத்தாறு வயதில் நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் கேட்டதும் இதே கேள்விதான்: இந்த வயசில் எதற்கு?

6 ஜனவரி, இரவு 11.15

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் தூக்கம் வராது.

லெப்ரன் கான்ஸ்டன்டைன். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவர். மரவால் பக்கம் ஒரு கோக்கோ தோட்டத்தில் மேற்பார்வையாளர். 1900இல் இங்கிலாந்து செல்லும் வெஸ்ட் இண்டீஸ் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது, ஆனால் போய்வரக் கையில் காசில்லை. கப்பல் கிளம்பும் நேரத்தில் அவர் கரையில் நிற்பதைப் பார்த்தவர்கள் அங்கேயே பணம் திரட்டி, ஒரு படகில் ஏற்றி, கப்பலைத் துரத்திப் பிடித்து ஏற்றிவிட்டார்கள் என்று அந்தத் தீவில் இன்றும் சொல்வார்கள். அந்தப் பயணத்தில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் அங்கத்திய எம்.சி.சி. கிளப் அணிக்கு எதிராக 113 ரன் அடித்தார். இங்கிலாந்து மண்ணில் வெஸ்ட் இண்டீஸ்காரர் ஒருவர் அடித்த முதல் சதம் அது. 1906இல் மறுபடி போனார்.

தாய்மாமன் விக்டர் பாஸ்கலும் டிரினிடாட் ஆட்டக்காரர். வீட்டு முற்றத்தில் நடக்கும் பயிற்சியில் அம்மாதான் விக்கெட் கீப்பராம். இதைப் படித்ததிலிருந்து அந்த முற்றத்தைப் பலமுறை மனதில் பார்த்துவிட்டேன்.

7 ஜனவரி

“உள்ளே போக வழி இல்லை” என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அது என்ன தடை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

கறுப்பர் வக்கீலாகக் கூடாது என்று எழுதிவைத்த சட்டம் ஏதும் இல்லை. தொழிலுக்குள் போகும் பாதை அப்படி அமைந்திருந்தது. பணமும், தெரிந்தவர் தயவும், தோல் நிறமும் சேர்ந்து வேலை செய்யும் இடம். கோக்கோ தோட்டத்து மேற்பார்வையாளரின் மகன், கறுத்த நிறத்தவன், குமாஸ்தா நாற்காலிக்கு மேல் நகர்வது நடக்காத காரியம். அவருக்கே அது தெரிந்திருந்தது.

அந்த ஊரின் கிரிக்கெட் கிளப்புகளைப் பார்த்தால் போதும், ஊர் முழுக்கப் புரிந்துவிடும். குயின்ஸ் பார்க் கிளப் வசதியான வெள்ளையர்களுடையது, மைதானமும் அதிகாரமும் அவர்கள் கையில். ஷாம்ராக் பெரும்பாலும் கத்தோலிக்க வெள்ளையர்கள். மேப்பிள் கிளப் மாநிறத்து நடுத்தர வர்க்கத்துக்கு. ஷானன் கறுப்பர்களில் ஆசிரியர், குமாஸ்தா போன்றவர்களுக்கு. ஸ்டிங்கோ உழைப்பாளிகளுக்கு. யார் எந்தக் கிளப்பில் ஆடலாம் என்று பலகை மாட்டவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் எந்தத் தெருப் பையன் எந்தக் குளத்தில் குளிக்கலாம் என்பது யாரும் எழுதிவைக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது போல.

கான்ஸ்டன்டைன் ஷானன் ஆள். அந்த அணியின் ஆட்டத்தில் ஒரு வெறி இருக்கும் என்பார்கள். வேலை, படிப்பு எதிலும் காட்ட முடியாததை மைதானத்தில் காட்டினார்கள்.

9 ஜனவரி, மாலை

சட்டத்தைப் பற்றிப் பேச வந்தவன் என்றாலும் வெஸ்ட் இண்டீஸ் அணி இங்கிலாந்துக்குப் போன 1928 ஜூன் மாதம், லார்ட்ஸில் மிடில்செக்ஸ் கவுண்டி அணியோடு நடந்த ஆட்டத்தைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. ஒரு பந்து படம் கூட நாம் பார்க்க முடியாத ஆட்டம். ஸ்கோர் அட்டையை வைத்தே மனப்பாடம் ஆகிவிட்டது.

மிடில்செக்ஸ் 6 விக்கெட்டுக்கு 352 எடுத்து டிக்ளேர் செய்தது. வெஸ்ட் இண்டீஸ் 79 ரன்னுக்கு 5 விக்கெட் போய்த் தவித்தபோது கான்ஸ்டன்டைன் வந்தார். முதல் 50 ரன் 18 நிமிடத்தில். ஒரு மணி நேரத்துக்குள் 86. அணி 230 வரை வந்து ஃபாலோ ஆனிலிருந்து, அதாவது உடனே மறுபடி மட்டை பிடிக்க வேண்டிய நிலையிலிருந்து, தப்பித்தது.

அடுத்து பந்து. மிடில்செக்ஸ் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் 57 ரன் கொடுத்து 7 விக்கெட். கடைசிப் பகுதியில் மட்டும் 11 ரன்னுக்கு 6 விக்கெட். மிடில்செக்ஸ் 136க்குச் சுருண்டது.

வெற்றிக்கு 259 வேண்டும். 121க்கு 5 விக்கெட் போனது, மறுபடி அதே நிலைமை. மறுபடி அவரே வந்தார். ஒரு மணி நேரத்தில் 103. அவர் நேராக அடித்த ஒரு பந்தைத் தடுக்கப் போன ஜாக் ஹெர்னின் கை அடிபட்டு, அவர் அந்தப் பருவத்தில் அதற்கு மேல் ஆட முடியாமல் போனது. வெஸ்ட் இண்டீஸ் 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

நான் டிவிஷன் கிரிக்கெட்டில் ஐந்தாம் நிலை அணியில் எட்டு வருடம் ஆடினேன். ஒரே ஆட்டத்தில் 40 ரன்னும் 4 விக்கெட்டும் எடுத்தது ஒருமுறை. அதையே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால், 86, 7 விக்கெட், 103 என்பது என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள்.

9 ஜனவரி, இரவு

“இதற்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு” என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடித் தொடர்பு இருக்கிறது.

1928 பயணத்துக்குக் கிளம்பியபோது அவர் டிரினிடாடின் ஃபைசாபாதில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. டிரினிடாட் லீஸ்ஹோல்ட்ஸ் என்பது அதன் பெயர். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும். கல்யாணம் ஆகி ஒரு வருடம். இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரராக ஒரு வேலை பிடித்தாக வேண்டும் என்ற கணக்கோடுதான் போனார். அந்தப் பயணத்தில் 1,381 ரன், 107 விக்கெட், 33 கேட்ச். டெஸ்ட் ஆட்டங்களில் ஏமாற்றம்தான், ஆனால் மற்ற ஆட்டங்களில் ஊர் முழுக்க அவர் பேச்சு. லங்காஷயர் லீக்கில் நெல்சன் கிளப் அவரை எடுத்தது. ஒரு பருவத்துக்கு 500 பவுண்டு. குமாஸ்தா சம்பளத்தில் கனவிலும் காணாத தொகை. அந்தப் பணம் இல்லாமல் பின்னால் நடந்த எதுவுமே நடந்திருக்காது.

12 ஜனவரி

நெல்சன் ஒரு பஞ்சாலை ஊர். 1929இல் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊர்க் குழந்தைகள் கறுப்பு மனிதரைப் பார்த்ததே இல்லை. ஜன்னலில் வந்து எட்டிப் பார்ப்பார்களாம். முதல் வருடம் வசைக் கடிதங்களும் வந்தன. மனைவி நோர்மாவும் அவரும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார்கள். போகவில்லை. ஒன்பது பருவங்கள் நெல்சனுக்கு ஆடினார், ஏழில் லீக் பட்டம், மற்ற இரண்டில் இரண்டாம் இடம். 1963இல் அந்த ஊர் தன் உயர்ந்த குடிமை மரியாதையை அவருக்குக் கொடுத்தது. கறுப்பர் என்று கடிதம் எழுதிய ஊர், கடைசியில் எங்கள் ஆள் என்று சொன்னது.

1932இல் எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் டிரினிடாடிலிருந்து வந்து அவர்கள் வீட்டில்தான் தங்கினார். பகலில் ஒருவர் மைதானத்துக்குப் போவார், இன்னொருவர் எழுதுவார். இரவில் விடுதலை, நிறம், காலனி ஆட்சி என்று பேச்சு. ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் வெஸ்ட் இண்டீஸ் பற்றிப் பேசுவதும் அப்போது தொடங்கியது. தபால் வழியில் சட்டம் படிக்கத் தொடங்கியதும் நெல்சனில்தான். வாரக் கடைசியில் ஆட்டம், வாரம் முழுக்க மேஜை.

ஒரு சின்னத் தகவல், நம் பக்கத்துக்கு அருகில் வருவதால்: 1934 கடைசியில் அவர் இந்தியா வந்து, நிஜாம் ராஜ்யத்தில் நடந்த மொயின் உத் தவுலா தங்கக் கோப்பைப் போட்டியில் ஆடியிருக்கிறார்.

13 ஜனவரி

இனி அந்த வழக்கு.

போர்க் காலத்தில் அவர் பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்தில் நல அதிகாரி. லிவர்பூலில் வேலை. ஆயுதத் தொழிற்சாலைகளுக்காக வெஸ்ட் இண்டீஸிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளிகளுக்குத் தங்க இடம் தேடுவது, முதலாளிகளோடும் சங்கங்களோடும் பேசுவது. அதாவது, “உங்கள் ஆட்களுக்கு இடம் இல்லை” என்ற பதிலைத் தினமும் அடுத்தவர்களுக்காகக் கேட்பதே அவருடைய உத்தியோகம்.

லார்ட்ஸில் டொமினியன்ஸ் அணிக்காக (பிரிட்டிஷ் பேரரசின் பிற நாட்டு ஆட்டக்காரர்கள் சேர்ந்த அணி) ஆட லண்டன் வர வேண்டியிருந்தது. ரசல் சதுக்கத்தில் இம்பீரியல் ஓட்டலில் நான்கு இரவுக்கு அறை பதிந்தார்கள். தாங்கள் கறுப்பர்கள், அதனால் சிக்கல் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, இல்லை என்ற பதிலும் வாங்கினார்கள். 2 பவுண்டு முன்பணமும் கட்டினார்கள். மனைவி, மகளோடு போய் இறங்கியபோது, ஒரு இரவுதான் தங்கலாம் என்றார்கள். ஓட்டலில் அமெரிக்க ராணுவத்தினர் தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பிடிக்காது என்பது காரணம். அமைச்சகத்தில் அவரோடு வேலை செய்த ஆர்னால்ட் வாட்சன் வந்து வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் அதே கம்பெனியின் இன்னொரு ஓட்டலான பெட்ஃபோர்டுக்குப் போனார்கள். அடுத்து லார்ட்ஸுக்குப் போய் ஆடினார்.

1944இல் தீர்ப்பு. நஷ்டஈடு ஐந்து கினி. அதாவது 5 பவுண்டு 5 ஷில்லிங். முன்பணத்தின் இரண்டரை மடங்கைவிடக் கொஞ்சம் அதிகம். கேள்வி கேட்டவரோடு இந்த இடத்தில் ஒத்துப்போகிறேன்: இது வெற்றி என்றே எனக்குத் தோன்றவில்லை. எழுதும்போதே கோபம் வருகிறது.

14 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒரு விடுபடல். சம்பவம் 1943 ஜூலை 30ஆம் தேதி, தீர்ப்பு 1944 ஜூன் 28ஆம் தேதி. சம்பவத்துக்கு வருடம் போடாமல் விட்டதால் இரண்டும் ஒரே வருடம் போலப் படிக்கிறது.

இன்னொன்று. அந்த 2 பவுண்டு முன்பணம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. நான் வக்கீலாகப் பதிந்த புதிதில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு தேடினேன். ஒரு வீட்டுக்காரர் 2,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியையும் காட்டினார். மறுநாள் காலையில் போன் வந்தது. சொந்த ஊர் எது என்றார், சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்றார், அதையும் சொன்னேன். மதியம் அவர் பையன் ஆபீஸுக்கே வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அப்பா சொந்தக்காரங்களுக்கு விடுறதா முடிவு பண்ணிட்டார் சார்” என்றான். சார் என்றுதான் சொன்னான். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த நோட்டுகளை வாங்கிப் பையில் வைத்தபோது கை எப்படி இருந்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது.

நான் கேஸ் போடவில்லை. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, சட்டம் தெரிந்திருந்தும், பேசாமல் வேறு வீடு பார்த்தேன். ஆகவே கான்ஸ்டன்டைன் கேஸ் போட்டார் என்பதே எனக்குச் சிறிய விஷயம் இல்லை.

18 ஜனவரி, இரவு

நான்கு நாளாக அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 13ஆம் தேதி எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ஐந்து கினியைப் பார்த்துக் கோபப்பட்டவன், வழக்கு எந்த இடத்தில் நின்றது என்பதைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

1944இல் இங்கிலாந்தில் நிறத்தின் பேரில் ஒருவரை ஒதுக்குவது சட்டப்படி குற்றமும் இல்லை, தவறும் இல்லை. “என்னை அவமதித்தார்கள்” என்று பிராது போட்டால் கோர்ட் அதை வழக்காகப் பதிந்தே இருக்காது. அதனால் அவருடைய வக்கீல்கள் வேறு கதவைத் தட்டினார்கள். சத்திரக்காரரின் கடமை என்று ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. குதிரையில் போகிற காலத்தில் உண்டானது. வழிப்போக்கன் வந்து இடம் கேட்டால், அறை காலியாக இருந்து, அவனும் காசு கொடுக்கத் தயாராக இருந்தால், தக்க காரணம் இல்லாமல் சத்திரக்காரர் மறுக்கக் கூடாது. ராத்திரியில் காட்டு வழியில் விட்டால் திருடன் கையில் சாவான் என்பதற்காக வந்த விதி. அதை எடுத்து 20ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு கறுப்பு மனிதருக்காக நீட்டினார்கள்.

ஓட்டல் தரப்பு, அவர் தானாகவே வேறு ஓட்டலுக்குப் போனார் என்றது. நீதிபதி பிர்கெட் அதை ஏற்கவில்லை. கான்ஸ்டன்டைன், வாட்சன் சாட்சியத்தை நம்பினார், ஓட்டல் சாட்சியத்தைத் தள்ளினார். சாட்சிக் கூண்டில் கான்ஸ்டன்டைன் நடந்துகொண்ட கண்ணியத்தைத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். அடுத்த கேள்விதான் முக்கியம். வேறு ஓட்டலில் அறை கிடைத்துவிட்டது, கைக்காசு நஷ்டமில்லை, பிறகு எதற்கு வழக்கு? நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, உரிமை மீறப்பட்டதே போதும் என்றார் பிர்கெட். அதனால்தான் பெயரளவு நஷ்டஈடு. அதற்கு மேல் கொடுக்கச் சட்டத்தில் வழி இல்லை என்பது அவர் முடிவு. வாதி தரப்பு பெரிய தொகை கேட்டது, கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றம் உண்மை. ஆனால் ஐந்து கினி என்பது அவமானத்துக்குப் போட்ட விலை இல்லை. உரிமை உண்டு என்று கோர்ட் போட்ட முத்திரை.

வக்கீல்களுக்காக ஒரு துணுக்கு: அவருக்கு ஆஜரானவர் சர் பாட்ரிக் ஹேஸ்டிங்ஸ், முன்னாள் அட்டர்னி ஜெனரல். ஜூனியர் ரோஸ் ஹெய்ல்பிரான், லிவர்பூல் பெண், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஐந்து வருடம் கழித்து இங்கிலாந்தில் கிங்ஸ் கவுன்சல் (மூத்த வக்கீல் தகுதி) ஆன முதல் இரண்டு பெண்களில் ஒருவர்.

19 ஜனவரி

“இந்தியாவில் அதே சம்பவம் நடந்தால்?” என்று கேட்டவருக்கு. 1950 முதல் நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாகக் கடை, உணவு விடுதி, ஓட்டல், பொழுதுபோக்கு இடங்களுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது. கிணறு, குளம், படித்துறைக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் இதற்கு இணையாக நாடாளுமன்றச் சட்டம் வர 1965 ஆனது. நம் ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் தொங்கியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் விஷயம் இந்தப் பிரிவில் வராது. தனியார் வாடகை வீடு ஓட்டல் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

25 ஜனவரி

மூல கேள்விக்கு வருகிறேன். எதற்காக வக்கீல் ஆனார்?

போர் முடிந்தது. நல்ல பெயர், வானொலியில் பேச வாய்ப்பு, எழுத வாய்ப்பு, லீக்கில் கொஞ்சம் ஆட்டம். நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். அவரோ பாரிஸ்டர்களை உருவாக்கும் லண்டன் சங்கங்களில் ஒன்றான மிடில் டெம்பிளில் மாணவராகப் பதிந்து, 1949இல் சட்டப் படிப்புக்காகவே குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1954இல் பாரிஸ்டர்.

ஐம்பதை ஒட்டிய வயதில் பரீட்சை எழுதுவது எப்படி இருக்கும் என்று இளையவர்களுக்குத் தெரியாது. நான் நாற்பதில் எழுதினேன், அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது. குமாஸ்தாவுக்குத் தெரிந்த சட்டம் வேறு, பரீட்சைக்கு வேண்டிய சட்டம் வேறு. ஒரு தாவாவை எந்த டேபிளில் எந்த நேரத்தில் கொடுத்தால் நகரும் என்பது எனக்கு அத்துப்படி. ஒப்பந்தச் சட்டத்தில் ‘பிரதிபலன்’ என்றால் என்ன என்று எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். இரண்டு தாள் அரியர் வைத்துத்தான் தேறினேன். மூன்று மணி நேரம் எழுதினால் விரல் மடங்காது. கவர் திசையில் எந்தப் பக்கம் போன பந்தையும் பாய்ந்து எடுத்த அந்தக் கை, பரீட்சை மண்டபத்தில் தாள் தாளாக எழுதியதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பாரிஸ்டர் ஆனதும் எங்கே போனார் தெரியுமா? டிரினிடாடுக்கு. எந்த வேலைக்கு? டிரினிடாட் லீஸ்ஹோல்ட்ஸ் கம்பெனியின் உதவிச் சட்ட ஆலோசகர். 9ஆம் தேதி நினைவில் வைக்கச் சொன்ன அதே எண்ணெய்க் கம்பெனி. குமாஸ்தாவாக விட்டுப் போன இடத்துக்கு 26 வருடம் கழித்து வக்கீலாகத் திரும்பினார். பெயருக்குப் பின்னால் பட்டம் வேண்டும் என்பவர் லண்டனிலேயே இருந்திருப்பார். இவருக்குக் குறிப்பிட்ட ஒரு கதவு திறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

26 ஜனவரி

நேற்றைய குறிப்பின் கடைசி வரியைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன். ஒரு கதவு மட்டும் அவர் கணக்கில் இருந்திருந்தால் அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றிருப்பார். இரண்டு வருடத்தில் டிரினிடாட் அரசியல் தலைவர் எரிக் வில்லியம்ஸின் கட்சியில் சேர்ந்து, 1956 தேர்தலில் துனாபுனா தொகுதியில் வென்று, போக்குவரத்து, பொதுப்பணி அமைச்சர் ஆகிவிட்டார். நாடு விடுதலை அடைந்தபோது லண்டனில் அதன் ஹை கமிஷனர், அதாவது தூதர். அரசியலில் அவர் பெரிய வித்தகர் இல்லை என்பது என் எண்ணம். அதனால் இதை நீட்டவில்லை.

28 ஜனவரி

ஆனால் பிரிஸ்டலை விட முடியாது.

1963இல் பிரிஸ்டல் பஸ் கம்பெனி கறுப்பர்களையும் ஆசியர்களையும் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுக்க மறுத்தது. இளைஞர்கள் சிலர் ஏப்ரல் கடைசியில் பஸ் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். மே முதல் வாரத்தில் வெஸ்ட் இண்டீஸ் அணியின் ஆட்டம் அந்த ஊரில் நடந்தது. அதைப் பார்க்கப் போன ஹை கமிஷனர் கான்ஸ்டன்டைன் கம்பெனியின் நிலையைப் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு நாட்டின் தூதர் இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அவர் திறந்தார். ஆகஸ்ட் 28ஆம் தேதி கம்பெனி இறங்கி வந்தது. செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத கண்டக்டர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

வில்லியம்ஸுக்கு இது பிடிக்கவில்லை. 1964 தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் பதவியை விட்டு வெளியேறினார். இந்த இடத்தில்தான் வக்கீல் தொழில் கைகொடுத்தது. வேலை போனாலும் நிற்க ஒரு தரை இருந்தது. குமாஸ்தாவுக்கு அது கிடையாது. சீனியர் முகம் திருப்பினால் மறுநாள் எங்கே போவது என்று தெரியாமல் நான் இருந்த காலம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

2 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: “சரி, கோர்ட்டில் அதிகம் வாதாடவில்லை என்பதை மறுக்கவில்லையே?” மறுக்கவில்லை. உண்மைதான். பெரிய வழக்குகளில் ஆஜரான வக்கீல் என்று அவரைச் சொல்ல முடியாது.

ஆனால் 1965இல் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. பொது இடங்களில் நிறத்தின் பேரில் ஒதுக்குவது சட்டவிரோதம் ஆனது. அதில் ஓட்டலும் சேர்த்தி. புகார்களை விசாரிக்க 1966இல் அமைந்த வாரியத்தில் உறுப்பினர்கள் மொத்தமே மூன்று பேர். அதில் ஒருவர் கான்ஸ்டன்டைன். அந்த மேஜைக்கு வந்த புகார்தாரர்கள் எங்கே நின்றிருந்தார்களோ, அதே இடத்தில் மனைவி, மகளோடு நின்றவர். அந்தச் சட்டம் பலவீனமானது, வீடும் வேலையும் அதில் வராது, 1968இல்தான் சேர்த்தார்கள். வாரியத்தால் சமரசம் பேசத்தான் முடியும். இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார, ஒரு விதியை வரிக்கு வரி படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

3 பிப்ரவரி

விடுபட்டவை சில, வரிசை இல்லாமல்.

டெஸ்ட் கணக்கு கேட்டவருக்கு: 18 ஆட்டம், 635 ரன், 58 விக்கெட், 28 கேட்ச். கணக்கு மட்டும் பார்த்தால் சாதாரணம்தான். 1930இல் ஜார்ஜ்டவுனில் வெஸ்ட் இண்டீஸ் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது 9 விக்கெட் எடுத்தவர் அவர். கடைசி டெஸ்ட், 1939 ஓவல், 38ஐத் தொடும் வயதில்: 5 விக்கெட், பிறகு மட்டையில் 79.

1969இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குப் போனார், அங்கே உட்கார்ந்த முதல் கறுப்பர். பட்டத்தில் இரண்டு ஊர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒன்று, டிரினிடாடின் மரவால், அப்பா வேலை பார்த்த கோக்கோ தோட்டத்துப் பக்கம். இன்னொன்று, லங்காஷயரின் நெல்சன். 1971 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் இறந்தார். உடலை டிரினிடாடுக்குக் கொண்டுபோய் அரசு மரியாதையோடு அரூக்காவில் அடக்கம் செய்தார்கள். இரண்டு மாதத்தில் நோர்மாவும் போய்விட்டார்.

மகள் என்ன ஆனாள் என்று ஒருவர் கேட்டிருந்தார். குளோரியா. ஓட்டல் வாசலில் நின்றபோது பதினைந்து வயது. பிறகு ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார். 1960களின் கடைசியில் அதே பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ரெக்டராக, அதாவது பல்கலைக்கழக நிர்வாகத்தில் தங்கள் பிரதிநிதியாக, தேர்ந்தெடுத்தது அவருடைய அப்பாவை.